வெளியேறும் காற்றின் குளிர்ச்சி

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் பூமியில் உள்ள ஏழாயிரம்பண்ணையில் என் தமக்கையின் மகன் சிறிய மருத்துவமனை ஒன்று கட்ட முற்பட்டிருக்கிறான். சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில் அதன் வரைபடத்தை என் முன் விரித்தான். நோயாளிகள் தங்கும் அறை ஒவ்வொன்றிலும் குளிர்சாதனப் பெட்டி குறிக்கப்பட்டிருந்தது. ஜன்னல்களோ திறக்க முடியாதபடி கண்ணாடி பதித்தவை.

"காற்று எந்த வழியாக உள்ளே வரும்?" என்று கேட்டேன்.

"ஏ.ஸி. இருக்கிறதே, மாமா" என்றான்.

நேயர்களே, படித்தவர்களும் இவ்வாறே எண்ணுகிறார்கள். சுவரில் மாட்டும் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே உறிஞ்சிக் குளிரச் செய்து, மீண்டும் அறைக்குள்ளேயே விடுகிறது. காற்று குளிர்ந்தது என்பதனால் புதிதாகிவிட்டது என்று பொருளாகாது. சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் படுக்கையறையை நானே இவ்விதம் அடைத்தேன். என் பேரக்குழந்தைகள் தலைபாரத்தோடு விழித்தெழுந்தபோதுதான் என் தவறு எனக்கு விளங்கிற்று. வீட்டில் தலைபாரத்தோடு போயிற்று. மருத்துவமனையில் அவ்வாறு முடியாது. காசநோய் காற்றின் வழியே பரவுவது. ஒருவர் இருமிய காற்றையே பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் இரவு முழுதும் சுவாசிக்க வேண்டி வந்தால், அங்கே மருந்து மட்டும் என்ன செய்யும்?

ஜன்னலைத் திறந்து வைக்கலாமே என்பீர்கள். கோடை நண்பகலில் திறந்தால், காசு கொடுத்துப் பெற்ற குளிர்ச்சி வெளியேறிவிடும். அனல் உள்ளே புகும். மின்சாரக் கட்டணமும் ஏறும். இந்த இரண்டு சங்கடங்களுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதனை உஷ்ண மீட்புக் காற்றோட்டம் என்று கூறலாம்.

நம் வீட்டுப் பெண்மணிகள் கொதித்த பால் செம்பைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பால் ஆறுகிறது, தண்ணீர் வெதுவெதுப்பாகிறது. ஆனால் ஒரு துளிப் பாலும் தண்ணீரில் கலப்பதில்லை. உஷ்ணம் மட்டும் செம்பின் சுவரைக் கடந்து செல்கிறது. இந்த யந்திரத்தின் தத்துவமும் இதுவே. அறையிலிருந்து வெளியேறும் பழைய காற்றும், வெளியிலிருந்து வரும் புதுக்காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கங்களில் செல்கின்றன. இரண்டும் கலவாமல், ஒன்றன் உஷ்ணத்தை மற்றது வாங்கிக்கொள்கிறது.

இம்முறை குளிர்நாடுகளில் வளர்ந்தது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அந்நாட்டவர்கள் கணப்பின் வெப்பம் வீணாகாதபடி வீடுகளின் இடுக்குகளை அடைக்கத் தலைப்பட்டார்கள். அடைத்த வீட்டுக்குப் புதுக்காற்று வேண்டுமல்லவா? 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டப்பட்ட புகழ்பெற்ற சிக்கன வீடுகளில், வெளியேறும் காற்றின் வெப்பம் உள்ளே வரும் காற்றுக்கு மாற்றப்பட்டது. அங்கே மீட்பது வெப்பத்தை. நம் நாட்டிலோ மீட்க வேண்டியது குளிர்ச்சியை.

ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். வெளியே 38 பாகை, அறைக்குள் 26 பாகை, வித்தியாசம் 12. யந்திரத்தின் திறன் நூற்றுக்கு 50 என்று கொண்டால், புதுக்காற்று 32 பாகையாகக் குறைந்து உள்ளே வரும். எஞ்சிய 6 பாகையைத்தான் குளிர்சாதனம் குறைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று சுமந்துவரும் ஈரமும் குளிர்சாதனத்துக்குப் பெருஞ்சுமை. ஈரத்தையும் இடம் மாற்றிக் கொடுக்கும் யந்திரங்கள் உண்டு. அவற்றுள் ஒருவகை, மெல்லச் சுழலும் சக்கர வடிவில் அமைந்தது. ஆயினும் சக்கரத்தில் பழைய காற்று சிறிதளவு புதுக்காற்றோடு சேரக்கூடும். ஆதலின் தொற்றுநோயாளிகள் இருக்கும் அறைக்கு அது பொருந்தாது.

அரசாங்க விதியும் இதனைக் கருதியிருக்கிறது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் வழியே கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007இல் வந்தது. 2017இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. விநாடிக்கு 2,100 லிட்டருக்கு மேல் காற்றைச் செலுத்தி, அதில் நூற்றுக்கு 70 பங்கேனும் வெளிக்காற்றாகக் கொள்ளும் அமைப்பு விடுதியிலோ மருத்துவமனையிலோ இருந்தால், குறைந்தது நூற்றுக்கு 50 திறனுள்ள மீட்பு யந்திரம் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுத் தொகுப்பு கூறிற்று. அத்தொகுப்பு 100 கிலோவாட் இணைப்போ அதற்கு மேலோ உள்ள பெரிய கட்டடங்களுக்கு உரியது. என் மருமகனின் கட்டடம் அந்த அளவுக்கு வராது. "அப்படியானால் நமக்கு விதி இல்லையே" என்றான். "விதி இல்லை, மூச்சு இருக்கிறதே அப்பா" என்றேன்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டு யந்திரம் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இரவில் வெளிக்காற்று 27 பாகைக்கு இறங்கிவிட்டால் மீட்பதற்கு ஒன்றுமில்லை. விசிறி சுழலும் மின்சாரமே நஷ்டம். அப்போது ஜன்னலைத் திறப்பதே சிறந்தது. குடியிருப்புகளுக்கென்று 2018இல் வெளிவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் விதித்தொகுப்பும் முதலில் ஜன்னலையே வற்புறுத்திற்று. நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்டலத்தில், தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறக்கத்தக்க வழியாக இருக்க வேண்டும் என்பது அதன் அளவு. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. நிழல் முதலாவது, ஜன்னல் இரண்டாவது, யந்திரம் மூன்றாவது என்பதே என் முறை. பட்டாசுக் கொட்டகைகளை இக்கணக்கில் சேர்க்கவே கூடாது. அங்கே நிலவுவது வெடிபொருள் சட்டம். மருந்துத் தூள் பறக்கும் இடத்தில் இத்தகைய மின்யந்திரத்துக்கு வேலையில்லை.

அன்று மாலைக்குள் வரைபடம் மாறிற்று. நோயாளிகள் காத்திருக்கும் கூடம் தாழ்வாரத்தோடு கூடிய திறந்த கூடமாயிற்று. மேற்குச் சுவருக்கு நிழல் வந்தது. எல்லா அறைகளுக்கும் திறக்கும் ஜன்னல்கள் வந்தன. குளிர்சாதனம் இன்றி முடியாத நான்கு அறைகளுக்கு மட்டும் தகட்டு யந்திரம் குறிக்கப்பட்டது. இருமல் நோயாளிகளின் அறைக்குத் தனி வெளியேற்றும் விசிறி வைத்து, அக்காற்று வேறெங்கும் திரும்பாமல் கூரைக்கு மேலே செல்லும்படி செய்தோம். புதுக்காற்று நுழையும் வாயை, பழைய காற்று வெளியேறும் வாய்க்கும் ஜெனரேட்டர் புகைக்கும் எட்டத்தில் அமைத்தோம். கரிசல் புழுதி வடிகட்டியை அடைத்துவிடும் ஆதலால், ஏணியின்றிக் கை எட்டும் உயரத்தில் யந்திரத்தை வைக்கச் சொன்னேன். எட்டாத வடிகட்டியை எவரும் கழுவுவதில்லை.

செலவு சற்று ஏறத்தான் செய்தது. அவன் முகமும் சற்று வாடிற்று. ஆனால் வரைபடத்தில் ஒரு ஜன்னலைச் சேர்க்கப் பென்சில் போதும். சுவர் எழும்பிய பிறகு சேர்க்கக் கடப்பாரை வேண்டும். புது வீடோ, கடையோ, மருத்துவமனையோ கட்டப் போகும் நேயர்கள், அஸ்திவாரம் தோண்டுமுன் தங்கள் பொறியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த அறைக்குக் காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும்?" அதற்கு விடை தெளிவாக வரும்வரை கொத்தனாரைச் சற்றே காத்திருக்கச் சொல்லுங்கள்.