குருத்தோலைச் சாம்பல்

(தவக்கால ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



திருநீற்றுப் புதனன்று நாம் நெற்றியில் பூசிக்கொள்ளும் சாம்பல், போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். ஓசன்னா பாடி ஏந்திய ஓலையே மனமாற்றத்தின் அடையாளமாகிறது. கைவிட்டுப் போனதிலிருந்தும் புதிதாய்த் தொடங்கலாம் என்பதே தவக்காலம் தரும் நம்பிக்கை.

எங்கள் வகுப்பின் கைவிட்டுப் போனவர்கள் கொட்டகலை ஸ்டேசனில்தான் பிரிந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று கணக்கெழுதியது. கூடப் படித்த பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டுத் தலைமன்னாருக்குக் கோச்சி ஏறினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையில் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்தது.

மண்டபம் முகாமிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் கடிதங்கள் வந்தன. எங்களில் பலர் பதில் எழுதவில்லை. இங்கேயே இருந்துவிட்ட நாங்கள் என்னவென்று எழுதுவது என்ற கூச்சம். பிறகு கல்யாணம், பிள்ளைகள், வேலை. இன்று ஓய்வுபெற்று, பிள்ளைகளும் கொழும்புக்குப் போய், வீடு வெறிச்சோடியபோதுதான் அவர்கள் சுமந்த பிரிவின் பாரம் எங்களுக்கு விளங்குகிறது.

இந்த 40 நாளும் இறைச்சியை விடுவது பெரிதல்ல. அந்தக் கூச்சத்தை விடுவோம். இந்த மலரில் பழைய தோழியின் பெயரைக் கண்டால் உடனே எழுதுவோம். எவ்வளவு பிந்தினாலும் பதில் பதில்தான்.