கதையில் நீதி எங்கே இருக்கிறது?

(முன்னாள் மாணவர் கூடல் விழாவில் நிகழ்த்திய உரை, மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது)



"பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். தமிழ் வாத்தியாரிடம் பத்து நிமிஷம் என்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்தக் கல்லூரியை விட்டுப் போனபின் முப்பது ஆண்டுக்கு மேல் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தேன். பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. மீசை அரும்பும் வயது. அந்த வயதுப் பிள்ளைகளிடம் ஒரு நல்ல சிறுகதையைக் கொடுத்து, அதிலுள்ள நீதியை அவர்களே தேடி எடுக்கும்படி செய்வது எப்படி என்பதுதான் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நீங்கள் எல்லோரும் எழுதிய கேள்விதான் இது: "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" பதிலும் எல்லோருக்கும் மனப்பாடம். பேராசை பெருநஷ்டம். மனிதநேயம் வளர்ப்போம். உழைப்பே உயர்வு தரும். இந்த மூன்றில் ஒன்றை எழுதினால் எப்படியும் பாதி மதிப்பெண் உறுதி. நோட்ஸைப் படித்து நீதியை அழகாக எழுதிய பையனைக் கூப்பிட்டு, "டேய் தம்பி, கதையில வர்ற ஆளு பேரு என்னடா?" என்று கேட்டால் கூரையைப் பார்ப்பான். கதை வேண்டாம், நீதி மட்டும் போதும் என்று நாமே பழக்கிவிட்டோம். கரும்பைத் தொடாமலே சர்க்கரை வாங்குகிற மாதிரி.

கதைக்கும் நீதிக்கும் உள்ள உறவைப் பேச நம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. எல்லையைத் தாண்டினால் மாலூர் வட்டம். அங்கே 1891-ல் பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம். ஆனால் 1920-ல் வெளிவந்த தம் கதைத் தொகுப்பால் கன்னடச் சிறுகதைக்கே தந்தை என்று பேர் வாங்கினார். 1983-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது பெற்றவர். நம் பிள்ளைகளிலும் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசிவிட்டு வந்து, வகுப்பில் தமிழில் கதை படிக்கிறவர்கள். ஒரு பையன் கதையைத் தமிழில் கேட்டு, பக்கத்துப் பையனுக்குக் கன்னடத்தில் சொல்லுவான். அவன் எதை விடுகிறான், எதை விடாமல் சொல்லுகிறான் என்று காது கொடுத்துக் கேட்டால், கதை அவனை எங்கே தொட்டது என்று தெரிந்துவிடும்.

ராஜாஜியிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் நீதி சொல்லவே கதை எழுதியவர். அதை அவர் மறைத்ததும் இல்லை. 1929-ல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தினார். கல்கி அவருக்குத் துணையாக இருந்தார். 1937-ல் அவர் முதலமைச்சரானபோது மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. குடி ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கிறது என்று சொல்லும் அவருடைய 'திக்கற்ற பார்வதி' 1974-ல் திரைப்படமாகவும் வந்தது.

அந்தக் கதையை ஒருமுறை பதினோராம் வகுப்பில் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, "குடி குடியைக் கெடுக்கும், அதுதானே சார் நீதி?" என்றான். மூன்றாவது பெஞ்சிலிருந்த ஒரு பெண் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அது எங்க அப்பாவுக்கும் தெரியும் சார். பாட்டில்லயே எழுதியிருக்கு."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். நீதி தெரியாததால் யாரும் குடிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாம் புதிதாக என்ன நீதி சொல்லிவிட முடியும்? "சரிம்மா, அப்படின்னா இந்தக் கதையில உனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "பார்வதிக்கு யார்கிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல சார். யாராவது ஒருத்தர் இருந்திருக்கலாம்" என்றாள். நோட்ஸில் இல்லாத பதில். அன்று மாலை அவள் என் மேசைக்கு வந்து தன் வீட்டு விஷயம் சிலவற்றைப் பேசினாள். தலைமையாசிரியை அம்மாவிடம் அழைத்துப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை உறவினர் வீட்டில் தங்கிப் படிக்க ஏற்பாடாயிற்று. கதை அவள் அப்பாவைத் திருத்தவில்லை. அவளை வாய் திறக்க வைத்தது.

அடுத்து, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் இடம்பெற்ற கு. அழகிரிசாமியின் 'ஒருவன் இருக்கிறான்'. 2019-க்குப் பிறகு படித்த தம்பி தங்கைகளுக்குத் தெரிந்திருக்கும். குப்புசாமி என்று ஒரு நோயாளி, வைத்தியத்துக்காக உறவினர் வீட்டுக்கு வந்து தங்குகிறான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை. இவனுக்கு யாரும் இல்லை, ஒண்டிக்கொள்ள வந்திருக்கிறான் என்ற எண்ணம். பிறகு ஊரிலிருந்து அவன் நண்பன் ஒருவன், தானும் ஏழை, கொஞ்சம் பணமும் கடிதமும் கொடுத்தனுப்புகிறான். அதைக் கண்டபிறகுதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு மனசு உறுத்துகிறது. கதையைச் சொல்லுகிறவரே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

தேர்வில் இதற்குப் பதில் 'மனிதநேயம்'. நான் வேறு ஒரு கேள்வி கேட்பேன்: "இந்தக் கதையில நீ யாரு?" முதலில் எல்லோரும் அந்த நல்ல நண்பன் பக்கம் ஓடுவார்கள். "நிஜமாவா? உங்க தெருவுல குப்புசாமி யாருமே இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நம் ஊர் உங்களுக்குத் தெரியும். 1970-களில் சிப்காட் வந்தது. பின்னால் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னப் பட்டறைகள். வேலைக்காக முதலில் தென் மாவட்டங்களிலிருந்து வந்தார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். லைன் வீட்டில் ஒரே அறையில் ஆறு பேர். ஷிப்டு முறையில் தூங்குகிறவர்கள். அவர்களைப் பற்றி நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் பேச்சு, குப்புசாமியைப் பற்றி அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பேசியதைவிட மோசமானது.

அந்த வகுப்பு நடந்து நாலு நாள் கழித்து ஒரு பையன் வராந்தாவில் என்னை நிறுத்தி, "சார், எங்க பக்கத்து ரூம் ஆளு பேரு கேட்டேன்" என்றான். "என்னடா பேரு?" "சொன்னான் சார், வாயில நுழையல. அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்காம், என் வயசுதான்." அவ்வளவுதான் நடந்தது. அவன் பெரிய தியாகம் எதுவும் செய்துவிடவில்லை. ஆனால் மதிப்பெண்ணுக்கு எழுதும் மனிதநேயத்தைவிட இந்தப் பேர் கேட்டது எனக்குப் பெரிசு.

மூன்றாவது, டால்ஸ்டாய். 'ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?' 1886-ல் எழுதியது. பாகோம் என்ற குடியானவனுக்கு நிலம் எவ்வளவு கிடைத்தாலும் போதவில்லை. தூரத்தில் பாஷ்கீர் என்ற இனத்தார், ஒரு நாளில் எவ்வளவு சுற்றி நடக்கிறாயோ அவ்வளவும் உனக்கு, விலை ஆயிரம் ரூபிள் என்கிறார்கள். சூரியன் விழுவதற்குள் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். ஓடி ஓடி வந்து சேர்ந்த இடத்திலேயே விழுந்து செத்துப்போகிறான். கடைசியில் அவனுக்குத் தேவைப்பட்டது புதைக்கிற ஆறடிதான்.

பேராசை பெருநஷ்டம் என்று எல்லாரும் கை தூக்கிவிட்டார்கள். பாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி மட்டும், "சார், நிலத்தை வித்த அந்தப் பாஷ்கீர்ங்க அப்புறம் என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். அவர்கள் வீட்டில் ரோஜாத் தோட்டம் வைத்திருந்த நிலத்தை மனை போட விற்றுவிட்டார்கள். வந்த பணத்தில் கார், அக்கா கல்யாணம், மாடி வீடு. இப்போது அவள் அப்பா ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். நூறு ஆண்டுக்கு மேலாக வாசகர்கள் பாகோமின் காலையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஓசூர்ப் பிள்ளை நிலம் விற்றவனின் பக்கம் நின்று கேட்கிறாள். அன்று முழுப் பாடவேளையும் அதே பேச்சுத்தான். விற்கக் கூடாது என்று சிலர், விற்காமல் கடனை எப்படிக் கட்டுவது என்று சிலர். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "கதையில இருந்து சாட்சி காட்டிப் பேசுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக ஒரு கதை. இது ஆசிரியராகப் போகிற மாணவர்களுக்காக. தி. ஜானகிராமனின் 'முள்முடி'. ஜானகிராமன் தாமே சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கதையில் வரும் அனுகூலசாமி வாத்தியார் யாரையும் அடிக்காதவர், கடுஞ்சொல் சொல்லாதவர். ஓய்வு பெறும் நாளில் மாணவர்கள் மேளதாளத்தோடு வீடுவரை கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு வருகிறாள். அவன் முன்பு ஒரு புத்தகத்தைத் திருடியவன். அப்போது வாத்தியார், அவனோடு யாரும் பேசக் கூடாது என்று மற்றப் பையன்களிடம் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார். பிள்ளைகள் மறக்கவில்லை. வாத்தியாரின் பிரிவு உபசாரத்துக்கு அவன் கொடுத்த காசைக்கூட வாங்கவில்லை.

இங்கே கெட்டவன் யார்? வாத்தியார் நல்லவர். பையன்களும் நல்லவர்கள், வாத்தியார் சொன்ன நீதியை அப்படியே கடைப்பிடித்தவர்கள். அதுதான் சிக்கலே. பதினைந்து வயதில் நீதி ரொம்பக் கூர்மையாக இருக்கும். ஒருவனைத் 'திருடன்' என்றோ ஒருத்தியை 'அந்த மாதிரி' என்றோ முத்திரை குத்திவிட்டால், வகுப்பே சேர்ந்து தள்ளிவைத்துவிடும். சாதி பார்த்து அதைச் செய்கிற வகுப்புகளும் உண்டு. தள்ளிவைக்கப்பட்ட பிள்ளை ஒரு நாள் பள்ளிக்கு வராது. நாலு நாள் வராது. பிறகு, பையன் என்றால் ஏதாவது ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்குப் போயிருப்பான். பெண் என்றால் பதினெட்டு ஆகுமுன்பே நிச்சயம் பண்ணியிருப்பார்கள். மலையோரக் கிராமங்களில் இன்னும் அது நின்றபாடில்லை என்பது இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனவே, நீதியைக் கையில் கொடுக்கும்போது இரக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். அதற்குக் கதையைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என் முறையைக் கேட்டால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கதையை முழுசாக, உரக்க வாசிக்க வேண்டும். சுருக்கம் சொல்லக் கூடாது. முக்கியமான இடத்தில் நிறுத்தி, "நீயா இருந்தா இப்ப என்ன செய்வே?" என்று கேட்க வேண்டும். பதில் சொன்னால், கதையில் எந்த வரி அப்படி நினைக்க வைத்தது என்று காட்டச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆளுக்கொரு பிரசங்கமாகிவிடும். நமக்குப் பிடிக்காத பதில் வந்தாலும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. முகத்தைப் பார்த்து விடை மாற்றுவதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கடைசியில், கதை தன்னிடம் என்ன கேட்டது என்று ஒரே ஒரு வரி நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது.

பாடத்திட்டம் என்னாவது என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். பத்தாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் நானும் எல்லோரையும்போல மனப்பாடம் பண்ண வைத்தவன்தான். தேர்வுக்கு ஒரு நீதி, வாழ்க்கைக்கு ஒரு கேள்வி என்று இரண்டையும் பிள்ளைகள் சமாளித்துக்கொள்வார்கள்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிகளுக்கு மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி வாங்கிக் கொடுக்கிறீர்கள், சந்தோஷம். அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமை உங்கள் ஊர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ போய்ப் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு கதை வாசியுங்கள். சூளகிரி, தளி, அஞ்செட்டி, பர்கூர் எதுவானாலும் சரி. தமிழ் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. மெஷின் ஷாப்பில் இருக்கிறவர் வாசித்தால் பிள்ளைகள் இன்னும் உன்னிப்பாகக் கேட்பார்கள். வாசித்து முடித்ததும் நீதி சொல்ல வாய் துறுதுறுக்கும். அந்த இரண்டு நிமிஷம் மட்டும் பொறுமையாக இருங்கள். யாராவது ஒரு பிள்ளை பேசும்.

எனக்குக் கொடுத்த பத்து நிமிஷத்தை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடும் தயாராக இருப்பதாக மணம் சொல்கிறது.