கூடை சுமக்கலாம், பந்து எறியலாகாதோ?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விளையாட்டுத் துறையில் மங்கையர் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தீர்கள். நாங்கள் என்பது இம்மன்றத்தின் பெண் அங்கத்தினரை. மிஷன் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் பழகி, இன்று படிப்பிலும் வேலையிலும் வீட்டிலுமாகப் பிரிந்து நிற்பவர்கள் நாங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கண்டியில் நடந்த ஒரு சுற்றுப்போட்டிக்கு எங்கள் அணி பெயர் கொடுத்திருந்தது. வலைப்பந்தாட்டத்துக்கு எழுவர் வேண்டும். ஐவரேனும் இல்லாவிடில் ஆட்டம் தொடங்கலாகாது. அன்று பன்வில பஸ் தரிப்பிடத்துக்கு வந்தவர் நால்வரே. ஒருத்தியின் தாயார் கொழுந்துக்குப் போய்விட்டார். தம்பியைப் பார்க்க ஆளில்லை. இன்னொருத்தியின் பாட்டியாருக்கு ஆட்ட உடையின் நீளம் பிடிக்கவில்லை. மூன்றாமவளின் தகப்பனார் மறுக்கவில்லை, “கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், இருட்டில் தோட்டம் வரை யார் கூட்டி வருவது?” என்றுதான் கேட்டார். அதற்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. ஆடாமலே தோற்றோம்.

பெண்ணுடல் மென்மையானது, தாங்காது என்பர் சிலர். இஃது உலகம் முழுவதும் சொல்லப்பட்ட கதைதான். 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீற்றர் ஓடினார்கள். ஓடி முடித்தவர் சிலர் களைத்து அமர்ந்ததைப் பத்திரிகைகள் பெரிதாக ஊதி எழுத, அவ்வோட்டமே பெண்களுக்கு இல்லையென்றாயிற்று. மறுபடி அது வந்தது 1960இல், உரோமாபுரியில்! ஓடிக் களைக்காத ஆடவர் உண்டோ? நக்கிள்ஸ் மலையடிவாரத்துச் சரிவுகளில் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்குவோர் எங்கள் தாய்மாரே. அப்போது யாரும் மென்மையைப் பற்றிப் பேசுவதில்லை.

யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கத்தை எண்ணிப் பாருங்கள். உயரம் ஆறடி பத்து அங்குலம். சிறு வயதில் அவ்வுயரமே அவருக்குக் கேலிப்பேச்சைத் தேடித் தந்தது. எங்களூரில் என்றால், “இவளுக்கு மாப்பிள்ளை எங்கே தேடுவது?” என்பதே முதற்கேள்வியாக இருந்திருக்கும். போர்க்காலத்து வடக்கில் வளர்ந்த அப்பெண், பின்னர் இலங்கைத் தேசிய அணியில் இடம்பெற்று, பத்தடி உயர வளையத்துள் பந்தை இட்டு இட்டே நாட்டின் பெயரை உயர்த்தினார். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்தபோது அவர் அணியில் இருந்தார். 2019இல் லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் எமது அணி 15ஆம் இடத்துக்கே வந்தது. ஆயினும் அங்கு வந்த எல்லா நாட்டாரிலும் கூடுதலாகக் கோல் போட்டவர் அவரே: 348 கோல்கள்.

ஒலிம்பிக்கில் நம் நாடு பெற்ற பதக்கங்கள் இரண்டே. 1948இல் டங்கன் வைற் வென்றது ஒன்று. மற்றது வரக்காப்பொலைப் பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பெண் சுசந்திகா ஜயசிங்க 2000இல் சிட்னியில் 200 மீற்றரில் பெற்றது. முதலில் வெண்கலமாயிருந்த அது, முன்னால் ஓடியவர் ஊக்கமருந்து உண்டதை ஒப்புக்கொண்டபின் வெள்ளியாயிற்று. பல ஆண்டுகள் கழித்தே அந்நீதி கிடைத்தது.

இனி நம் மைதானத்துக்கு வருவோம். மாலை நான்கு மணிக்குமேல் அங்கு கிரிக்கெட் தவிர வேறொன்றில்லை. அண்ணன்மார் கோபிக்கலாகாது, நீங்கள் வெல்லும்போது முதலில் கைதட்டுபவர்கள் நாங்களே. ஆனால் நமது விளையாட்டு விழாவில் பெண்களுக்கு என்ன உண்டு? தேசிக்காய்க் கரண்டி ஓட்டமும், ஊசியில் நூல் கோத்தலும். நூல் கோக்க எங்களுக்கு வீட்டிலேயே போதிய பயிற்சி இருக்கிறது.

ஆகவே நிருவாக சபையாரிடம் நாங்கள் கேட்பது இவ்வளவே. கிழமையில் இரண்டு மாலைகள் மைதானத்தைப் பெண்களுக்கு விடுங்கள். வலைப்பந்துக் கம்பங்கள் இரண்டு நாட்டித் தாருங்கள். வளையத்துக்கான பணத்தை நாங்களே சேர்க்கிறோம். உடையைப் பற்றிப் பாட்டிமாருடன் நாங்கள் பேசிக்கொள்வோம். நீளக் காற்சட்டையுடன் ஆடினாலும் பந்து வளையத்துள் விழும். கண்டிக்குப் போகும் நாளில், தாய்மாரில் ஒருவரும் பெரியவர்களில் இருவரும் எங்களுடன் வரவேண்டும். கடைசி பஸ் வரும் நேரம் யார் டோர்ச் லைற்றுடன் தரிப்பிடத்தில் நிற்பது என்பதை மட்டும் இன்றைய கூட்டம் முடியுமுன் பெயர் குறித்துத் தாருங்கள்.