கொள்ளை நோயும் அறிவு வளர்ச்சி குன்றியோரும்

(பழவேற்காட்டில் நமது சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நமது குப்பங்களில் வலையையும் மீன் விலையையும் பற்றிப் பேசாத நாளில்லை. இன்று யான் பேச எடுத்துக்கொண்டதோ, அறிவு வளர்ச்சி குன்றிய நம் பிள்ளைகளையும் அவர்களைப் பேணுவோரையும் பற்றியதாகும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் தேதி, கொரோனா நோயின் பொருட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. சந்தைகளும் பள்ளிகளும் மூடின. நாள்தோறும் ஒரே வழி நடந்து, அறிந்த முகங்களையே கண்டு பழகிய இவர்களுக்கு அவ்வொழுங்கே பெருந்துணை. அது திடீரென அறுந்ததன் காரணம் இவர்களுக்கு விளங்கவில்லை. அறிந்த முகங்களையும் முகக்கவசம் மறைத்தது. இதனால் அஞ்சி, உறக்கமின்றிச் சினங்கொள்வோரைப் பிடிவாதக்காரர் என்று கடிதல் தகாது. மேலும், தமக்குற்ற நோவைச் சொல்ல அறியாதவர்க்கு, பிறர் உணருமுன் நோய் முற்றிவிடும். இத்தகையோர் கொரோனாவால் பொதுஜனங்களைவிடப் பன்மடங்கு விகிதத்தில் மாண்டனரென்று இங்கிலாந்தின் பொதுச் சுகாதார இலாகா 2020-இல் கண்டறிந்தது.

பேணுவோர் நிலை யாது? பெரும்பாலும் தாய் ஒருத்தியே அச்சுமையைத் தாங்குகிறாள். கூடை சுமந்து மீன் விற்பவள், சந்தை மூடினால் வருவாய் இழக்கிறாள். பிள்ளையை விட்டகலவும் இயலாள். அவளே காய்ச்சலுற்றுத் தனித்திருக்க நேரின், பிள்ளை எதை உண்ணும், வலிப்பு மருந்தை எவ்வேளையில் தருவது, எச்சொல்லால் அமைதியுறும் என்பதை அறிந்தார் வேறு யார்?

நம் முன்னோர் ஏரியில் பாடு முறை வகுத்தனர். மீன் மிகுந்த இடம் ஒருவர்க்கே உரியதாகாமல், தலைக்கட்டுகளுக்குள் முறை மாறி வருகிறது. நீரில் வழங்கும் இந்நியாயம் கரையில் ஏன் வழங்கலாகாது? பாட்டுக் கணக்கில் எண்ணப்படாத பிள்ளை, ஊராரின் அன்பிலும் எண்ணப்படாது போகலாமா?

ஆகையால் மூன்று காரியங்களை விண்ணப்பிக்கிறேன். முதலாவது, இத்தகைய பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உறவினரோ அயலாரோ இருவர், அதன் பழக்கங்களையும் மருந்தையும் இப்போதே அறிந்து எழுதி வைத்தல் வேண்டும். இரண்டாவது, பேணுபவர் நோயுற்றால் ஊரார் முறை வைத்து உணவளித்துப் பார்த்துக்கொள்வதோடு, அவ்வீட்டாரின் பாடு தவறாமலும் காத்தல் வேண்டும். மூன்றாவது, சர்க்கார் அடையாள அட்டையை அனைவர்க்கும் பெற்றுத் தருதல் வேண்டும். 2020-இல் நம் மாகாண சர்க்கார் அளித்த 1,000 ரூபாய் உதவி அட்டை பெற்றோருக்கே உரியதாயிருந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஆபத்துக் காலத்தில் இவர்களுக்குச் சமமான பாதுகாப்பை விதிக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இவர்கள் விவரங்களைப் பதிந்து வைத்தல் வேண்டுமென்றும் கூறுகிறது. குப்பந்தோறும் பெயர்களைத் திரட்டி அங்குச் சேர்ப்பித்தல் நம் கடன்.

புயல் எழுந்த பின் படகைக் கட்டுவார் நம்மில் இல்லை. அடுத்த நோய் வருமுன் இவற்றைச் செய்து முடிப்போமாக!