இரண்டு இலக்க ஆண்டும் நான்கு தரவுத்தளங்களும்
(வானூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் நூல்வடிவம்)



1990களின் பிற்பாதியில் சென்னை மென்பொருள் நிறுவனங்களுக்கு வந்து குவிந்த வேலை, புதிய நிரல் எழுதும் வேலையன்று. பழைய நிரலைப் படிக்கும் வேலை. மேலைநாட்டு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இருபது முப்பது ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த கோபோல் நிரல்களில் 1974 என்ற ஆண்டு வெறும் 74 ஆக இருந்தது. 2000 பிறந்தால் ஆண்டு 00 ஆகிவிடும். வட்டியும் வயதும் தவணையும் தாறுமாறாகும். ஒய்டூகே என்று உலகம் அழைத்த அந்தச் சிக்கல், மெயின்ஃபிரேம் தரவுத்தளங்களுக்கு ஒரு பொதுத்தேர்வாகவும் அமைந்தது.

தமிழ்நாடு அந்த வேலைக்குத் திடீரெனத் தயாராகிவிடவில்லை. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐபிஎம் 370/155 கணினி வந்தது. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஆயினும் 1980களின் பிற்பகுதியில் டி.சி.எஸ். நிறுவனம் சென்னையில் ஐபிஎம் 3090 மெயின்ஃபிரேமை நிறுவியது. 1994இல் சென்னையில் தொடங்கிய காக்னிசன்டும் ஒய்டூகே பணியில் வளர்ந்தது.

நான்கு பிறப்புகள்

இவ்வுரை நான்கு மெயின்ஃபிரேம் தரவுத்தளங்களை எடுத்துக்கொள்கிறது: ஐஎம்எஸ், ஐடிஎம்எஸ், அடாபாஸ், டிபி2. இவற்றில் ஐஎம்எஸ் விண்வெளித் திட்டத்தின் பிள்ளை. அப்பல்லோ திட்டத்தின் எண்ணற்ற பாகங்களைக் கணக்கில் வைக்க ஐபிஎம், ராக்வெல், கேட்டர்பில்லர் ஆகிய மூன்றும் 1966இல் சேர்ந்து உருவாக்கத் தொடங்கின. கலிபோர்னியாவின் டவுனியில் 1968 ஆகஸ்ட் 14 அன்று அதன் முதல் ‘ரெடி’ செய்தி முனையத்தில் தோன்றியது.

சார்லஸ் பாக்மன் ஜெனரல் எலக்ட்ரிக்கில் உருவாக்கிய ஐடிஎஸ் என்ற தரவுத்தளம், பி.எஃப். குட்ரிச் என்ற டயர் நிறுவனத்தின் வழியே ஐடிஎம்எஸ் ஆயிற்று. 1973இல் ஜான் கல்லினேனின் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடாபாஸ் 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், சாஃப்ட்வேர் ஏஜி நிறுவனத்தில் பிறந்தது. டிபி2 கடைசியாக வந்தது. எட்கர் காட் 1970இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையே அதன் வேர். ஐபிஎம் அதை 1983இல்தான் அறிவித்தது.

இடையில் 1974 மே மாதம், ஆன் ஆர்பர் நகரக் கருத்தரங்கில் பாக்மனும் காடும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். தரவுக்குப் போகும் வழியை நிரலர் அறிந்திருக்க வேண்டும் என்பது பாக்மனின் கட்சி. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், வழியை இயந்திரம் தேடிக்கொள்ளட்டும் என்பது காடின் கட்சி. பின்னாளில் எஸ்க்யூஎல் ஆன சீக்வெல் மொழியும் அதே கருத்தரங்கில்தான் வெளியானது.

உப்பளக் கணக்கு

மரக்காணத்து உப்பளத்தை எடுத்துக்கொண்டால் அந்த வாதம் விளங்கும். அளத்துக்குள் பாத்திகள், பாத்தியில் உப்பு வாரும் தொழிலாளர்கள். ஐஎம்எஸ்ஸில் இது மேலிருந்து கீழே இறங்கும் மரம். வழி தெரிந்தால் வேகம் அபாரம். ஆனால் ஒரே தொழிலாளி இரண்டு பாத்தியில் வாரினால், அவர் பெயரை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். இல்லையேல் தனி இணைப்பு கட்ட வேண்டும்.

ஐடிஎம்எஸ்ஸில் பாத்திக்கும் தொழிலாளிக்கும் நடுவே ‘வேலை’ என்றொரு பதிவு நிற்கும். அது அவ்விரண்டு பதிவுகளுக்கும் உறுப்பு. நிரல் ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து நடக்கும். அடாபாஸில் தொழிலாளியின் பதிவுக்குள்ளேயே, ஒரே புலத்தில், பல பாத்தி எண்களை வைக்கலாம். தேடுவதற்குத் தலைகீழ்ப் பட்டியல் தனியே இருக்கும். டிபி2வில் மூன்று அட்டவணைகள். கேள்வியை மட்டும் எழுதினால் போதும். எந்த வழியில் போவது என்று ஆப்டிமைசர் முடிவுசெய்யும்.

தேதி நீண்டபோது

இரண்டு இலக்கத்தை நான்காக்கும்போது இந்த வேறுபாடு வேலைப் பளுவாக மாறியது. ஐஎம்எஸ்ஸில் பதிவின் நீளம் மாறினால் தரவின் அமைப்பைச் சொல்லும் டிபிடி வரையறையைத் திருத்தி, தரவை முழுவதும் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டும். ஐடிஎம்எஸ்ஸில் முழுத் தளத்தின் வரைவான ஸ்கீமாவையும், ஒரு நிரலுக்குத் தெரியும் அதன் பகுதியான சப்ஸ்கீமாவையும் மாற்றி, அதைத் தொட்ட நிரல்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். அடாபாஸ் தரவைச் சுருக்கி, மாறும் நீளத்தில் வைப்பதால் சேமிப்பில் சிரமம் குறைவு. நிரல்களைத் திருத்தும் வேலை மட்டும் எஞ்சியது. டிபி2வின் ‘டேட்’ வகையில் ஆண்டு முதலிலிருந்தே நான்கு இலக்கம். ஆயினும் அந்த வகையை விட்டுவிட்டு ஆறு எழுத்துப் புலத்தில் தேதி வைத்தவர்களை டிபி2வும் காப்பாற்றவில்லை.

எனவே பலர் தரவைத் தொடவேயில்லை. குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருந்தால் 2000களின் ஆண்டு, மேலே இருந்தால் 1900களின் ஆண்டு என்று நிரலிலேயே விதி எழுதி முடித்தார்கள்.

எந்த வழியில் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தத் தேதிப் புலத்தை எந்தெந்த நிரல்கள் தொடுகின்றன? இங்கேதான் உருவாக்கக் கருவிகளின் தரம் வெளிப்பட்டது. ஐடிஎம்எஸ்ஸின் தரவு அகராதி, எந்தப் பதிவு எந்த நிரலில் வருகிறது என்று அறிக்கை தரும். அடாபாஸின் பிரிடிக்ட் அகராதி நேச்சுரல் மொழி நிரல்களுக்கு அதே உதவியைச் செய்தது. 1979இல் வந்த நேச்சுரல், கோபோலில் பல பக்கம் பிடிக்கும் திரைவேலையைச் சில வரிகளில் முடித்தது. டிபி2வின் கேட்டலாக், எந்தப் பிளான் (நிரலின் அணுகல் திட்டம்) எந்த அட்டவணையை நம்பியிருக்கிறது என்று காட்டும். ஐஎம்எஸ்ஸின் பிஎஸ்பி, ஒரு நிரல் எந்தப் பகுதிகளைத் தொடுகிறது என்று சொல்லும். அப்பகுதிகளுக்குள் தேதி எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நிரலைப் படித்துத்தான் அறிய வேண்டும்.

தரவுத்தளங்களை வேகத்தால் மட்டும் ஒப்பிடும் வழக்கம் போதாது. எழுதியவர் ஓய்வுபெற்ற பின்னும், எழுதியதைப் பற்றி அந்த அமைப்பு எவ்வளவு சொல்கிறது என்பதும் அளவுகோலாக வேண்டும். வேகத்தில் முந்திய ஐஎம்எஸ் இந்தத் தேர்வில் பின்தங்கியது. அகராதியோடு வளர்ந்த ஐடிஎம்எஸ்ஸும் அடாபாஸும் முந்தின.

இந்த நான்கில் எதுவும் மறையவில்லை. ஐஎம்எஸ்ஸும் டிபி2வும் ஐபிஎம்மிடம் தொடர்கின்றன. ஐடிஎம்எஸ் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் வழியாக 2018இல் பிராட்காமிடம் போனது. அடாபாஸுக்கும் நேச்சுரலுக்கும் 2050ஐத் தாண்டியும் ஆதரவு தருவதாக சாஃப்ட்வேர் ஏஜி 2016இல் அறிவித்தது. இன்று கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவிக்கு 2050இலும் பணிக்காலம் மிச்சமிருக்கும். நம் பாடத்திட்டங்கள் பெரும்பகுதியை அட்டவணைக்கும் எஸ்க்யூஎல்லுக்கும் தருகின்றன. அவற்றோடு ஒரு டிபிடி வரையறையையும் ஒரு சப்ஸ்கீமாவையும் படித்துப் பொருள் சொல்லும் பயிற்சியை ஒரே ஒரு பருவத்திலாவது சேர்க்க வேண்டும் என்பதே கல்லூரி ஆசிரியர்களுக்கு இவ்வுரை வைக்கும் கோரிக்கை.