துவிச்சக்கர வண்டியும் உடனோடும் நாயும்



நம் நாட்டின் தமிழ்க் கிராமங்களில் துவிச்சக்கர வண்டி இல்லாத வீடு அரிது. நாய் இல்லாத ஒழுங்கை அதனினும் அரிது. காலையிற் பிள்ளைகள் வண்டியேறிப் பாடசாலைக்குப் புறப்படும்போது, வீட்டு நாய் படலையைத் தாண்டி அவர்களின் பின்னே ஓடிவருவது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாள்தோறும் காணும் காட்சி. அதனை அன்பின் அடையாளமென்று கூறிப் புன்னகையோடு விட்டுவிடுகிறோம். அன்பின் அடையாளந்தான், ஐயமில்லை. ஆயினும், அந்த அன்பே நாய்க்கு ஆபத்தாக முடிதலும் உண்டு. முறையறிந்து செய்தால், அதே ஓட்டம் நல்லதொரு தேகப்பயிற்சியாகவும் அமையும். அம்முறை யாது என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நாய்க்குத் தேகப்பயிற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். நாய் ஓநாய்க் குலத்திலிருந்து வந்த விலங்கு. நெடுந்தூரம் ஓடுவதற்கென அமைந்த கால்களும் நுரையீரலும் உடையது. அத்தகைய விலங்கைப் பகல் முழுவதும் வளவின் ஒரு மூலையிற் சங்கிலியாற் பிணித்து வைத்தால், உடல் பருக்கும், காரணமின்றிக் குரைக்கும், அவிழ்த்துவிட்ட கணமே கட்டுக்கடங்காது பாயும். அதன் குற்றமன்று அது. அதற்குரிய ஓட்டத்தை நாம் கொடாமையின் விளைவே அது.

இனி, வண்டியோடு நாயை ஓட்டுவதில் உள்ள முதன்மையான ஆபத்தை நோக்குவோம். ஒருவர் நாயுடன் நடந்து செல்லும்போது இருவரும் ஒருங்கே உழைக்கின்றனர். மனிதர் களைத்தால் நாயும் இளைப்பாறும். வண்டியிற் செல்பவரோ ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். மிதியாமலே சிறிது தூரம் உருண்டு செல்லவும் அவரால் இயலும். நாய்க்கு அந்த வசதி இல்லை. ஒவ்வோர் அடியையும் அது தன் காலாலேயே எடுத்து வைக்கவேண்டும். அன்றியும், எசமானை விட்டுப் பின்தங்க அதற்கு மனம் வாராது. மூச்சு முட்டினும், பாதம் தேயினும், தன்னால் இயலாது என்னும் நிலை வரையில் ஓடிக்கொண்டேயிருக்கும். நிறுத்தச் சொல்ல அதற்கு வாயில்லை. ஆகையால், நிறுத்தவேண்டிய நேரத்தை அறியும் பொறுப்பு முற்றாக வண்டியோட்டியையே சார்ந்தது.

நம் நாட்டிற் பெரும்பகை வெப்பம். மனிதனுக்குப் போல நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களிற் சிறிதளவே வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதனாலேயே அது தன் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்த நாளில் அம்முயற்சியும் முழுப்பயன் தராது. நாயின் இயல்பான உடல்வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை சென்ரிகிரேட் வரையாகும். அது 41 பாகையைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே, ஓட்டத்துக்கு உகந்த நேரம் விடியற்காலையே. மாலை வேளையில், வெயில் தாழ்ந்த பின்னரும் தார் வீதி பகற்சூட்டை விடாது வைத்திருக்கும். புறங்கையை வீதியில் வைத்துப் பாருங்கள். ஏழெட்டு வினாடிக்கு அதனைத் தாங்க முடியாவிடின், நாயின் பாதமும் தாங்காது. மண்ணொழுங்கையோ புற்றரையோ கிடைத்தால் அதுவே சிறந்தது.

அடுத்து, நாயை எப்பக்கத்தில் ஓடவிடுவது? நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே, நாயும் வண்டியின் இடப்பக்கத்தே, வீதியோரமாக ஓடவேண்டும். வாகனங்களுக்கும் நாய்க்கும் இடையில் நாம் இருப்போம். துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும் பற்சக்கரமும் வலப்பக்கத்தில் இருப்பதனால், அவற்றிலிருந்தும் நாய் விலகி நிற்கும்.

கயிற்றை வண்டியின் கைபிடியிற் கட்டுதல் பலர் செய்யும் பெருந்தவறு. பூனையொன்றைக் கண்டு நாய் பக்கவாட்டிற் பாய்ந்தால், முன்சக்கரம் திரும்பி வண்டி கவிழும். கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்வதும் அத்தகையதே. விழும்போது விடுவிக்கவும் முடியாது, பிரேக்கைப் பிடிக்கவும் கை உதவாது. இழுப்பு எவ்வளவு தாழ்வாக விழுகிறதோ, அவ்வளவுக்கு வண்டி நிலைகுலையாது. எனவே, ஆசனத்தின் கீழுள்ள குழாயிற் பொருத்திய சுருள்வில் பூட்டிய இரும்புக் கையொன்றிற் கயிற்றை இணைப்பதே தக்கது. சுருள்வில் திடீர் இழுப்பைத் தாங்கிக்கொள்ளும். இரும்புக் கை நாயைச் சக்கரத்தினின்று விலக்கி வைக்கும். நாய் முன்சக்கரத்துக்கு முன்னே குறுக்கிட முடியாதவாறு கயிறு குட்டையாக இருத்தல் வேண்டும். இடர் நேரின் ஒரே இழுப்பிற் கழலத்தக்க முடிச்சும் வேண்டும். கழுத்துப்பட்டியில் இணைத்தால் மூச்சுக்குழல் நெரியும். மார்பைச் சுற்றி அணியும் வாரே ஏற்றது.

எல்லா நாயும் இப்பயிற்சிக்கு உரியனவல்ல. குட்டியின் எலும்புகள் முதிர்ச்சியடைய ஓராண்டுக்கு மேலாகும். பெரிய இனங்களுக்கு ஒன்றரை ஆண்டும் ஆகலாம். அதுவரை வண்டியோடு ஓட்டுதல் கூடாது. மூக்குச் சப்பையான இன நாய்கள், முதிய நாய்கள், சினைப்பட்டவை, இருதய நோயோ மூட்டு நோயோ உள்ளவை ஆகியவற்றையும் விலக்குக. ஐயமிருப்பின் மிருக வைத்தியரைக் கலந்தாலோசித்தல் நன்று.

பழக்கும் முறையும் படிப்படியாக அமைதல் வேண்டும். முதற் சில நாட்கள் வண்டியில் ஏறாது, அதனைத் தள்ளிக்கொண்டு நாயுடன் நடந்து செல்லுங்கள். வண்டியின் அசைவுக்கு அஞ்சாமை வந்தபின், ஐந்து அல்லது பத்து நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். "மெல்ல", "நில்" என்னும் சொற்களுக்கு அது பணியப் பழக்குங்கள். கிழமைதோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டலாம். நாய் பாய்ந்தோடாது, சீராக அடிவைத்து மிதமாக ஓடும் வேகமே சரியான வேகம். உணவு கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழியவேண்டும். நீரை இடையிடையே சிறிதளவாகக் கொடுக்கவேண்டும்.

ஜெர்மனியில் இதற்கென ஒரு தேர்வே உண்டு. அத்தேர்வில் நாய் வண்டியின் பக்கத்தே 20 கிலோமீற்றர் தூரம் ஓடவேண்டும். வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர். பதினாறு மாதம் நிரம்பாத நாய்க்கு அங்கே அனுமதியில்லை. எட்டாவது கிலோமீற்றரில் 15 நிமிடமும், பதினைந்தாவதில் 20 நிமிடமும் ஓய்வு கொடுத்து, நாயின் களைப்பையும் பாதங்களையும் பரிசோதிப்பர். பலநாட் பழகிய நாய்க்கு, குளிர்ந்த நாட்டிலே, இத்துணைக் கவனம் என்பதைக் கருதுங்கள். துவிச்சக்கர வண்டியிலிருந்து நாயை நடத்திச் செல்ல இடமளிக்கும் அந்நாட்டு வீதிச் சட்டம், மோட்டார் வாகனத்திலிருந்து எவ்விலங்கையும் நடத்திச் செல்வதைத் தடை செய்துள்ளது. மோட்டார் சைக்கிளின் பின்னே நாயைக் கட்டி ஓட்டும் இளைஞர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

ஓடும் நாயை அடிக்கடி திரும்பிப் பாருங்கள். கயிறு பின்னோக்கி இறுகினால், அது பின்தங்குகிறது என்பது பொருள், உடனே நிறுத்துங்கள். நாக்குக் கடுஞ்சிவப்பாதல், உமிழ்நீர் தடித்து வடிதல், தள்ளாடுதல், வாந்தியெடுத்தல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அப்பொழுது நாயை நிழலிற் கிடத்தி, குளிர்ந்த நீரை உடலெங்கும் ஊற்றி, விசிறுங்கள். ஈரத்துணியாற் போர்த்தி மூடிவிடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். உடல் குளிரத் தொடங்கியதும் மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

தெருநாய்கள் எதிர்ப்படுவதும் வழியில் இயல்பே. விசர்நாய் நோயைத் தடுப்பதற்கென 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் கண்ட நாடு நமது. தடுப்பூசி ஏற்றாத நாயை வீதிக்குக் கொண்டுசெல்லலாகாது. எவரேனும் கடியுண்டால், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பரபரப்பான வீதியிற் சிறுவர்கள் நாயைக் கட்டிக்கொண்டு வண்டியோட்டுதல் வேண்டாம். நாயின் இழுப்பைச் சமாளிக்கும் வலிமை அவர்களுக்கு இராது. பாடசாலைக்குச் செல்லும் வேளையிற் படலையைச் சாத்திவிடுங்கள். விடுமுறை நாட் காலையில், ஆளரவமற்ற வெளியிலே, பெரியவர் ஒருவரின் துணையோடு பழகட்டும். தன் வேகத்தை அடக்கி, உடன் வரும் உயிரின் வேகத்துக்கு இணங்கிச் செல்லும் பிள்ளை, ஏட்டிலே படிக்கும் சீவகாருணியத்தை வீதியிலே கற்றுக்கொள்கிறது.