மனோன்மணியத்தில் இளையோர் காதலும் முதியோர் வஞ்சமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் பெரும் புலமை பெற்றோம் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தோம். எனினும், நம்மைப் பேச அழைத்த அன்பர்களின் சொல்லை மறுத்தற்கில்லை. ஆகவே, நாம் வாழும் இத்திருவனந்தபுரத்திலேயே பிறந்த ஒரு நூலைப் பற்றிச் சில சொல்வோம்.

பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை அவர்கள் 1855இல் ஆலப்புழையில் பிறந்தார்கள், இந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தார்கள், 1897இல் மறைந்தார்கள். அவர்கள் இயற்றிய மனோன்மணீயம் என்னும் நாடகம் 1891இல் வெளிவந்தது. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘இரகசிய வழி’ என்னும் கதையைத் தழுவியது அது. அந்நூலின் வாழ்த்துப் பாடலிலிருந்து எடுத்த அடிகளையே தமிழ்நாட்டரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. வாழ்த்தை எழுந்து நின்று பாடும் நம்மில் பலர் நாடகத்தைப் படித்ததில்லை. அதன் கதையைக் கேண்மின்.

பாண்டியன் சீவகனுக்கு ஒரே மகள் மனோன்மணி. அவள் கனவில் ஓர் இளைஞனைக் கண்டு காதல் கொள்கிறாள். அவன் திருவனந்தபுரத்திலிருந்து ஆளும் சேரன் புருடோத்தமன். அவனும் அவளைக் கனவிற் காண்கிறான். இருவர்க்கும் ஒருவரையொருவர் இன்னார் என்று தெரியாது. குலகுருவாகிய சுந்தர முனிவர், சேரனே தக்க மணமகன் என்று உணர்ந்து, நடராசனைத் தூது அனுப்புக என்கிறார். இங்கேதான் கேடு புகுகிறது.

அமைச்சன் குடிலனுக்கு அரியணையின்மேல் ஆசை. இளவரசியைத் தன் மகன் பலதேவனுக்கு மணம் முடித்தால் நாடு தன் வீட்டுக்கு வரும் என்பது அவன் கணக்கு. ஆகவே தன் மகனையே தூதனாக்கி அனுப்புகிறான். மணம் பேசச் சென்றவன் நாஞ்சில் நாட்டு உரிமையைப் பேசுகிறான். சேரன் சினந்து படையெடுக்கிறான். பாண்டியன் தோற்கிறான். மணமேளம் கொட்ட வேண்டிய இடத்திலே போர்முரசு ஒலிக்கிறது!

சரக்கில் ஒட்டிய முகவரிச் சீட்டு மாறினால் அது எந்த ஊர் போய்ச் சேரும் என்பதை நாம் தினமும் காண்கிறோம். சொல்லும் அத்தகையதே. நல்ல சொல், தீய நாவில் ஏறியதும் பகையாயிற்று.

குடிலன் ஒருவனே குற்றவாளி என்று நாம் அமைந்துவிடலாகாது. சீவகன் தீயவனல்லன், ஆயினும் முகத்துதியை நம்பினான், முனிவர் மொழியைத் தள்ளினான். தோற்ற பின்னரும் அறிவு தெளியாமல், மகளைப் பலதேவனுக்கே கொடுக்க இசைந்தான். அவளோ தந்தையின் துயர் கண்டு, தன் நெஞ்சை அடக்கித் தலைவணங்கினாள். தோழி வாணியின் தந்தை சகடனையும் பாருங்கள். மகள் நடராசனை விரும்புவது அறிந்தும், பொருளாசையால் பலதேவனுக்கே கொடுக்க முனைந்தான். ஆசை ஒருவனுக்கு, மயக்கம் ஒருவனுக்கு, பேராசை மற்றொருவனுக்கு, கண்ணீரோ பெண்மக்களுக்கு.

இன்னொரு வியப்பும் உண்டு. அதே 1891இல், இதே நகரத்தவரான சி. வி. இராமன் பிள்ளை அவர்களின் ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நாவல் வெளிவந்தது. அதிலும் அரியணைப் போட்டி. அதிலும் அனந்தபத்மநாபன், பாறுக்குட்டி என்னும் இளங்காதலர். பகைவர் தாக்க, அவன் மாண்டான் என்று உலகம் நம்புகிறது. அரசுரிமைக்குப் போட்டியிடும் பப்புத் தம்பி அவளை மணக்க முயல்கிறான். அவளோ காத்திருக்கிறாள், வெல்கிறாள். ஒரே ஆண்டில், ஒரே நகரில், இரு மொழியினரும் ஒரே நோயைக் கண்டனர் என்றால், அந்நோய் தமிழர்க்கோ மலையாளிகட்கோ மட்டும் உரியதன்று.

நமக்குத் தெரிந்த இரு குடும்பங்கள் உண்டு. ஊர் வேண்டா, பெயர் வேண்டா. சீட்டுப் பணத்துக்குப் பிணை நின்றதில் தந்தையர் பிணங்கினர். பதினைந்து ஆண்டுகள் பேச்சில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையும் மறுவீட்டுப் பெண்ணும் மனமொத்திருந்தனர். அவள் விரும்பாத இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவன் வடநாடு போனவன் திரும்பவில்லை. கடன் தீர்ந்து நெடுநாளாயிற்று. வழக்குத் தீர்ந்தது, வாழ்வு திரும்பவில்லை.

எனவே, முதியோரே பகைவர் என்று இளைஞர்கள் முடிவு கட்ட வேண்டா. சுந்தர முனிவரும் முதியவர்தாமே! கோட்டைக்குள் யாரும் அறியாமல் சுரங்கம் அமைத்தவர் அவர். அவ்வழியைக் கண்டுகொண்ட குடிலன், அரசனைக் காட்டிக்கொடுக்கச் சேரனிடம் ஓடுகிறான். சேரன் என்ன செய்தான்? துரோகத்தால் வரும் வெற்றியை விரும்பாது, அவனையே சிறைப்பிடித்து, வழிகாட்டச் செய்து வருகிறான். நள்ளிரவில், மணமண்டபத்தில், கனவிற் கண்டவனை நேரிற் கண்ட மனோன்மணி அவனுக்கே மாலை சூட்டுகிறாள். குடிலன் தோண்டியது குழி. முனிவர் தோண்டியது வழி. இரண்டும் மூத்தோர் செயலே.

நாடகத்தில் போருக்குக் காரணமான நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாய்த் தமிழ்நாட்டோடு இணைந்தது. 1979இல் இங்கிருந்து கன்னியாகுமரிக்கும், 1981இல் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. படை நடந்த வழியில் இன்று மணமக்கள் வண்டியேறி வருகின்றனர். நிலத்தின் எல்லைகள் தீர்ந்தன. வீட்டுக்கு வீடு நாம் போட்ட எல்லைகள்?

கரமனையிலும் சாலையிலும் வலியசாலையிலும் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்ப் பெருமக்களே! உங்கள் மகனோ மகளோ தம் விருப்பத்தைச் சொல்லும்போது, அந்தப் பெயரைக் கேட்டதும் எழும் சினம் உங்களுடையதா, உங்கள் தந்தையார் விட்டுச்சென்றதா என்று ஒருகணம் எண்ணுங்கள். பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதி வையுங்கள். பகையை எழுதி வைக்காதீர்கள். பிணங்கிய வீடுகளுக்கிடையே தூது செல்ல நடராசனைப் போன்ற நல்லோரை இச்சங்கம் தந்துதவுமாக.